பிள்ளைகளை மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகலாமா?

7 ஜனவரி 2024, இரவு 9.15 (செந்தூல் வாசகியின் கேள்வி)

என் வீட்டுக்காரருக்கு பைபோலார் (மனநிலை மிகவும் ஏறி இறங்கும் மனநோய்). மூன்று வருடமாகக் கோலாலம்பூரில் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கிறார். பிள்ளைகளுக்கு 12 வயது, 7 வயது. சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரிந்தால் மனசு கெட்டுப்போகும் என்கிறார் மாமியார். இரண்டு தடவை அவர் வார்டில் இருந்தபோது, அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிச் சமாளித்தோம். இந்த மாதக் கடைசியில் அடுத்த அப்பாய்ண்ட்மென்ட். பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? அங்கே யாராவது அவர்களிடம் பேசுவார்களா?

7 ஜனவரி, இரவு 11.20 (என் பதில்)

கூட்டிப் போங்கள் தங்கச்சி. ஆனால் அங்கே உள்ளவர்கள் தாங்களாகவே பிள்ளைகளிடம் பேசுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டும்.

வெளியூர் வேலைக் கதையை இன்றைக்கே நிறுத்துங்கள். 12 வயதுப் பிள்ளை அதை நம்பாது. என் அம்மாவுக்கும் மனநோய்தான். எனக்கு 9 வயதிலேயே தெரிந்துவிட்டது. பெரியவர்கள் சொன்ன பொய்யை நம்புவதுபோல் நடிப்பது தனி வேலை. பள்ளி வேலையோடு அதையும் சேர்த்துச் செய்தேன்.

8 ஜனவரி, காலை 6.05

தூக்கம் வரவில்லை. நேற்று சுருக்கமாக எழுதியதை விரித்து எழுதுகிறேன்.

1989இல் பினாங்கு மாநிலத்தில் பிறை என்ற ஊரில் இருந்தோம். அப்பா லோரி ஓட்டினார். பிறையில் சரக்கு ஏற்றினால் ஜொகூர் போய்த் திரும்பிவர மூன்று நாள் ஆகும். தம்பிக்கு 5 வயது. அம்மா அரிசியைத் திரும்பத் திரும்பக் கழுவ ஆரம்பித்தார். ஐந்து தடவை, பத்துத் தடவை. யாரோ அதில் மருந்து கலந்துவிட்டார்களாம். அடுத்த வாரம் பள்ளிக் கான்டீன் சாப்பாட்டிலும் கலந்திருக்கிறார்கள் என்றார்.

நான் நம்பினேன். அம்மா சொன்னால் பிள்ளை நம்பாமல் என்ன செய்யும்? மூன்று வாரம் பள்ளியில் ஒன்றும் சாப்பிடவில்லை. வீட்டில் வறுமை என்று நினைத்து வாத்தியார் என்னைப் பள்ளிப் பால் திட்டத்தில் சேர்த்தார். பொட்டலப் பாலைக் கழிவறைக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் ஊற்றிவிட்டு வருவேன். தம்பியையும் குடிக்க விடவில்லை. 'பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்' என்று சொல்கிறவர்கள் இதைத்தான் யோசிப்பதில்லை. பிள்ளை அந்த நோய்க்கு உள்ளேதான் குடியிருக்கிறது. 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கான்டீன் சாப்பாட்டில் ஒன்றும் இல்லை, நீ சாப்பிடு' என்று ஒரு பெரியவர் சொல்லியிருந்தால் அன்றைக்கே சாப்பிட்டிருப்பேன்.

பிறகு கிளினிக். அப்பா லோரியில் இருக்கும் நாட்களில் நான்தான் அம்மாவோடு போவேன். அம்மாவுக்கு மலாய் சந்தைக்குப் போகும் அளவுக்குத்தான் வரும். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. 10 வயதில் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். அம்மாவுக்குக் காதில் குரல் கேட்கிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அம்மா 'ஆமா, ராத்திரியில கேக்குது' என்றார். டாக்டரிடம் 'தாக் ஆடா' என்றேன், இல்லை என்று. உண்மையைச் சொன்னால் அம்மாவை அங்கேயே வைத்துக்கொள்வார்கள், தம்பிக்கு யார் சோறு போடுவது என்ற பயம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தூக்கம், சாப்பாடு, குரல், ஊசி போட வேண்டிய தேதி எல்லாம் கேட்டார்கள். வீட்டில் யார் சமைக்கிறார்கள், இந்தப் பிள்ளை இன்று ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை. கெட்டவர்கள் இல்லை. அங்கிருந்த மிஸ்ஸி (தாதி) எனக்கு மிட்டாய் கூடக் கொடுப்பார். அவர்கள் கையில் இருந்த கார்டில் அம்மாவின் பெயர்தான் இருந்தது. நான் கார்டில் இல்லை.

8 ஜனவரி, மதியம் 1.10

பசியாறப் போன இடத்தில் ஞாபகம் வந்த இன்னொன்று. ஊசி போட்ட பிறகு அம்மாவின் கை நடுங்கும், கால் ஒரு இடத்தில் நிற்காது, முகம் மரம்போல் ஆகிவிடும். நோய் முற்றிவிட்டது என்று நினைத்துத் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுவேன். அது நோய் இல்லை. அந்தக் காலத்து மனநோய் மருந்துகளின் பக்க விளைவு. அதைக் குறைக்கத் தனி மாத்திரையும் உண்டு. 20 வயதுக்கு மேல் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். மருந்தகத்தில் ஒரு நிமிடம் செலவழித்து 'இது மருந்தால் வருகிறது' என்று சொல்லியிருந்தால் எத்தனையோ இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன மருந்து என்று தெரியாது. எந்த மருந்தானாலும், அவர் ஏன் மதியம்வரை தூங்குகிறார், ஏன் உடம்பு பெருத்துவிட்டது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். 'அப்பா சோம்பேறி' என்று அதுகளாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடும்.

9 ஜனவரி, இரவு 8.40

அப்பா ஏன் லீவு போட்டு வரவில்லை என்று கேட்ட அண்ணனுக்கு: லோரி ஓடாத நாளுக்குச் சம்பளம் இல்லை. அவர் இறந்து பல வருடம் ஆகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

11 ஜனவரி, இரவு 10.30

ஒஸ்லோவில் மனநல வார்டில் தாதியாக வேலை செய்யும் வாசகத் தம்பி (என் கூடப்பிறந்த தம்பி இல்லை) எழுதியதை மூன்று தடவை படித்தேன். நார்வேயில் 2010 ஜனவரி 1 முதல் இது சட்டமாம். மனநோய், போதைப் பழக்கம், கடுமையான உடல் நோய் என்று யார் சிகிச்சைக்கு வந்தாலும், அவருக்கு 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். இருந்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன விளக்கம் வேண்டும், என்ன உதவி வேண்டும் என்று பார்க்க வேண்டும். மருத்துவமனைகளில் அதற்கென்றே பொறுப்பான பணியாளர்களும் இருக்க வேண்டும். தனியாகவும் தேடிப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது.

நம் மலேசிய மனநலச் சட்டம் 2001இல் இயற்றியது. அதுவும் 2010இல்தான் நடைமுறைக்கு வந்தது. நோயாளியை எப்படிச் சேர்ப்பது, யார் கையெழுத்துப் போடுவது, எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதைப் பேசும் சட்டம். அதுவும் தேவைதான். ஆனால் அதே வருடத்தில் அங்கே பிள்ளைக்கு ஒரு கதவைத் திறந்தார்கள் என்பதைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது.

தம்பி, சட்டம் வந்த பிறகும் பல தாதிகள் கேட்கத் தயங்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். 'பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று தாய் பயந்துவிடுவாள்.' இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என் அம்மாவுக்கும் அந்தப் பயம் இருந்தது, எனக்கும் இருந்தது. அதனால் கேட்கும் விதம் முக்கியம். 'பிள்ளையை உன்னால் பார்த்துக்கொள்ள முடியுமா?' என்று கேட்டால் விசாரணை. 'பிள்ளை எப்படி இருக்கிறது, எதைப் பற்றியாவது கவலைப்படுகிறதா?' என்று கேட்டால் அந்தத் தாய் பேச ஆரம்பிப்பாள்.

12 ஜனவரி, காலை 7.15

'பேசிப் பேசியே பிள்ளைக்கும் வரவழைக்காதீர்கள், இது பரம்பரை நோய்' என்று எழுதியவருக்கு.

பேச்சால் வராது. பரம்பரைச் சங்கதி உண்மை, அதையும் சரியாகச் சொல்லுங்கள். என் அம்மாவுக்கு வந்த ஸ்கிட்சோஃப்ரினியா (இல்லாத குரல் கேட்கும், இல்லாததை நம்ப வைக்கும் மனநோய்) பொதுவாக நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வருகிறது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ பத்துப் பேருக்கு. அப்படியென்றால் தொண்ணூறு பேருக்கு வருவதில்லை.

அந்தத் தொண்ணூறில் நான் ஒருத்தி. என் தம்பி பத்தில் ஒருவன். 2011இல், 27 வயதில் அவனுக்கு வந்தது. ஒரே வீடு, ஒரே சோறு. 'எனக்கும் வருமா?' என்று நான் 15 வயதிலிருந்து தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஃபேன் சத்தத்தில் யாரோ கூப்பிட்டதுபோல் இருந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். யாராவது அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நூறு என்று நினைத்ததைப் பத்து என்று தெரிந்துகொண்டிருப்பேன்.

14 ஜனவரி, இரவு 11.50

முதல் நாள் எழுதியதைத் திருத்த வேண்டும். 'இன்றைக்கே நிறுத்துங்கள்' என்று வேகத்தில் எழுதிவிட்டேன். செந்தூல் தங்கச்சி, இன்னும் சொல்லவில்லை என்றால் பொறுங்கள். நான் செய்த தவறை முதலில் கேளுங்கள்.

தம்பிக்கு ஒரே மகன். 2022இல் அவனுக்கு 10 வயது. தம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடியும் வார்டுக்குப் போன வாரம், எனக்கு நடந்தது இவனுக்கு நடக்கக் கூடாது என்ற ஆவேசத்தில் பையனை மாமாக் கடைக்கு (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) கூட்டிப்போய், ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நோயின் பெயர், மருந்து, பாட்டியின் கதை, எல்லாம். நல்லது செய்துவிட்டேன் என்ற நிறைவோடு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா வீடு திரும்பிய பிறகு பையன் அவரோடு பேசவே இல்லை. இரண்டு வாரம். பள்ளி விட்டு வந்ததும் அறைக்குள் போய்விடுவான். கடைசியில் என்னிடம்தான் சொன்னான்: 'அத்தை, எனக்குத் தெரியும்னு அப்பாவுக்குத் தெரியாதுல்ல. வாய் தவறிச் சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு.'

அவனுக்கு உண்மையைக் கொடுத்தேன் என்று நினைத்தேன். நான் கொடுத்தது இன்னொரு ரகசியம். அதுவும் பெற்ற அப்பாவிடமே மறைக்க வேண்டிய ரகசியம். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நோய் அவனுடையது, பிள்ளையும் அவனுடையது.

இதைச் சரிசெய்தது ஒரு மலாய்க்கார மிஸ்ஸி. அடுத்த அப்பாய்ண்ட்மென்டில் ஊசி போட்டுக்கொண்டே 'அனாக் பெராப்பா ஓராங்?' என்று தம்பியிடம் கேட்டார், பிள்ளைகள் எத்தனை என்று. ஒருவன் என்றான். இரவில் நீ தூங்காமல் நடந்தால் அவன் என்ன செய்வான் என்று கேட்டார். தம்பி பதில் சொல்லாமல் அழுதுவிட்டான். 33 வருடத்தில் எங்கள் குடும்பத்தை நோக்கி ஒரு கிளினிக்கில் வந்த முதல் கேள்வி அது.

பள்ளி விடுமுறையில் பையனைக் கூட்டிவரச் சொன்னார். அப்பா பேச வேண்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றார். தம்பி அதிகம் சொல்லவில்லை. 'அப்பாவுக்கு மூளையில ஒரு சீக்கு இருக்கு. சில நேரம் இல்லாததெல்லாம் கேக்கும், அப்பக் கத்துவேன். உன்னால இல்ல.' அவ்வளவுதான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் பையன் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

நான் ஒரு மணி நேரம் பேசியது அவனைப் பூட்டியது. அவன் அப்பா சொன்ன நாலு வரி திறந்துவிட்டது.

15 ஜனவரி, காலை 9.00

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து. அம்மாவுக்கு இப்போது 70 வயது, என்னோடுதான் இருக்கிறார். காலையில் அரிசியை இரண்டே தடவை கழுவிப் பானையில் போட்டார். பக்கத்தில் நின்று எண்ணினேன். இன்னும் எண்ணுகிறேன்.

17 ஜனவரி, இரவு 9.30

ஒஸ்லோ தம்பி இன்னொன்றும் சொன்னார், அது என் திருத்தத்தோடு ஒத்துப்போகிறது. பின்லாந்தில் டிட்டி சொலன்தௌஸ் என்ற குழந்தை மனநல மருத்துவர் உருவாக்கிய முறையில் முதல் உட்காரல் பெற்றோரோடுதானாம். பிள்ளைக்கு எது நன்றாகப் போகிறது, பள்ளியில் யார் கூட்டாளி, எங்கே தடுமாறுகிறது என்று பெரியவர்களுக்கான கிளினிக்கிலேயே இரண்டு அமர்வில் பேசி முடிப்பார்கள். பிள்ளையை உடனே மனநல டாக்டரிடம் அனுப்புவதில்லை. பெற்றவர் பெற்றவராகவே உட்கார்ந்து பேசுகிறார். எங்கள் மிஸ்ஸி எந்தப் பயிற்சியும் இல்லாமல் செய்தது ஏறத்தாழ அதைத்தான்.

20 ஜனவரி, மாலை 5.45

செந்தூல் தங்கச்சி தனிச் செய்தியில் கேட்டதால் நடைமுறைச் சங்கதிகளை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், அவர் நன்றாக இருக்கும் நாளில். அவர் ஒத்துக்கொண்டால் கிளினிக் நாளுக்கு முன்பே போன் போட்டுப் பிள்ளைகள் வருவதைச் சொல்லிவையுங்கள். காலையில் கூட்டம் நெரியும். அன்றைக்கு அவசரமாகக் கேட்டால் டாக்டருக்கும் நேரம் இருக்காது. மிஸ்ஸி, மருத்துவ சமூகப் பணியாளர் இவர்களில் ஒருவர் கிடைத்தாலே போதும். ஐந்து வெள்ளி கட்டிவிட்டு நம்பரோடு காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு அந்த இடம் பழகிவிடும். நாற்காலி, தண்ணீர் மெஷின், சாதாரண மனிதர்கள். பிள்ளைகள் மனசுக்குள் கட்டிவைத்திருக்கும் பூத பங்களா அங்கே இல்லை. எங்கள் காலத்தில் பள்ளியில் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று சொன்னால் அது கெட்ட வார்த்தை. 1911இலிருந்து அங்கே இருக்கும் மனநல ஆஸ்பத்திரியின் பெயரில் 'பஹாகியா' என்று இருப்பதும், அதற்கு மகிழ்ச்சி என்று பொருள் இருப்பதும் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

பெரிய ஆஸ்பத்திரி பயமாக இருந்தால் பக்கத்தில் மெந்தாரி இருக்கிறதா என்று பாருங்கள். சுகாதார அமைச்சின் சமூக மனநல மையம், ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்காது. குணமாகி வருகிறவர்கள் வேலைக்குத் திரும்பவும் அங்கே உதவுவார்கள். எங்களுக்கு அதுதான் தோதாக இருந்தது.

வார்டு வேறு விஷயம். 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை உள்ளே விடமாட்டேன் என்று அம்மா இருந்த இடத்தில் சொல்லிவிட்டார்கள். நானும் தம்பியும் கீழே கார் நிற்கும் இடத்தில் நின்று மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்துக் கையசைப்போம். அது சரியான ஜன்னல்தானா என்றுகூடத் தெரியாது. உங்கள் வீட்டுக்காரர் மறுபடியும் வார்டுக்குப் போக நேர்ந்தால் போனில் முகம் பார்த்துப் பேச நேரம் கேளுங்கள்.

அவர் நன்றாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: உடம்பு கெடும்போது பிள்ளைகள் யார் வீட்டில் இருப்பார்கள், பள்ளியில் எந்த டீச்சருக்குத் தெரியும், பெரியவன் யாருக்குப் போன் பண்ண வேண்டும். அரசாங்கத்தின் 15999 தாலியான் காசிஹ் உதவி எண்ணையும், 15555 ஹீல் மனநல உதவி எண்ணையும் அதிலேயே எழுதுங்கள். பெரியவனிடம் 'இனி நீதான் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என்னிடம் சொன்னார்கள்.

21 ஜனவரி, காலை 6.30

ஒருவர் போலீஸ் பற்றிக் கேட்டிருந்தார். முன்பு உயிரை மாய்க்க முயல்வது குற்றமாக இருந்தது. 2023இல் சட்டத்தைத் திருத்தி அதை நீக்கிவிட்டார்கள். இனி அதற்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம். 1990இல் அம்மாவுக்கு அப்படி ஒரு நாள் வந்தபோது, 'அம்மா படியில் வழுக்கி விழுந்தார்' என்று சொல்லச் சொல்லி என்னை ஒரு மணி நேரம் பழக்கினார்கள். அதையும் சரியாகச் சொன்னேன்.

26 ஜனவரி, இரவு 10.15

நேற்று தைப்பூசம். பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன், படி ஏறவில்லை, கீழேயே கும்பிட்டுவிட்டு வந்தோம். 1991இல் இதே இடத்தில் அம்மா கூட்டத்தில் தனக்குத்தானே பேசியபோது சொந்தக்காரர்கள் சாமி வந்திருக்கிறது என்று காலில் விழுந்தார்கள். வருடத்தில் ஒரு நாள் கும்பிட்டார்கள், மற்ற நாளெல்லாம் பைத்தியம் என்றார்கள். பிள்ளையாக எனக்கு இரண்டும் புரியவில்லை. கோயிலுக்குப் போகாதே என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அம்மாவுக்கு முருகன் பெரிய துணை. ஊசித் தேதியையும் கோயில் காலண்டரில்தான் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

3 பிப்ரவரி, மதியம் 2.20

செந்தூல் தங்கச்சி போய் வந்துவிட்டார். அவர் எழுதியதைப் படித்து வேலையிடத்தில் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரரே பேசினாராம். பெரியவன் ஒன்றும் சொல்லாமல் கேட்டானாம். சின்னவள் 'அன்னிக்கு நான் பென்சிலைத் தொலைச்சதாலயா கத்துனீங்க?' என்று கேட்டாளாம். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் நடந்ததாம்.

ஒன்றரை வருடம் அந்தப் பென்சிலைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறது அந்தக் குழந்தை. 'உன்னால் இல்லை' என்பதை ஒரு தடவை சொன்னால் போதாது தங்கச்சி. ஒவ்வொரு தடவை அப்பாவுக்கு உடம்பு கெடும்போதும் சொல்லுங்கள். பெரியவன் பேசாமல் இருந்ததையும் விட்டுவிடாதீர்கள். அவன் கேள்வி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

4 பிப்ரவரி, இரவு 11.30

பென்சில் என்னைத் தூங்கவிடவில்லை. இன்று சாப்பிட்ட பிறகு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். 34 வருடத்துக்கு முன்னால் டாக்டர் கேட்டதற்கு நான் பொய் சொன்னேன், நீங்கள் ஆமாம் என்றீர்கள், நான் இல்லை என்று மாற்றிச் சொன்னேன், அதனால்தான் உங்களுக்குச் சரியான மருந்து கிடைக்கத் தாமதமாகியிருக்கும் என்று.

அம்மா வெற்றிலைத் தட்டை ஓரமாக வைத்தார்.

'தாக் ஆடான்னு சொன்ன. அந்த மலாய் கூடவா எனக்குத் தெரியாது? கடைக்காரன் தினமும் சொல்றதுதான.'

பிறகு ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

'நீ பயந்துபோய் என் சேலையப் புடிச்சிருந்த. எனக்கும் வீட்டுக்கு வரணும்னுதான் இருந்துச்சு.'